பத்தியம் யாருடையது?

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் சொல்வதற்கு எல்லாரிடமும் ஏதாவது இருக்கிறது. சீனியைத் தொடாதே, கோழி வேண்டாம், கீரை சாப்பிடு. அசாம் ஜாவா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இந்தப் பட்டியலைக் கேட்டே வளர்ந்தேன். நோய் திரும்பிவிட்டால் அதே பட்டியல் குற்றப்பத்திரிகையாகிவிடும். "வாயக் கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்பார்கள். சாவு வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் உண்டா? ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 3,088 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் காய்கறி, பழம், நார்ச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவுக்கு மாறினார்கள். அவர்களுக்குத் தொலைபேசி ஆலோசனையும் சமையல் வகுப்பும் இருந்தன. மற்றவர்களுக்குப் பொதுவான உணவுக் குறிப்புகள் அச்சில் மட்டும் கிடைத்தன. சராசரியாக 7.3 ஆண்டுகள் கண்காணித்ததில், மார்பகப் புற்றுநோய் திரும்பியோ புதிதாகவோ வந்தவர்கள் முதல் குழுவில் 16.7 விழுக்காடு, இரண்டாவதில் 16.9. இறந்தவர்கள் 10.1, 10.3.

எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. இரு குழுவினரும் தொடக்கத்திலேயே காய்கறி, பழம் ஓரளவு நன்றாகச் சாப்பிட்டவர்கள்தான். உடல் எடை, உடற்பயிற்சி, மது பற்றி மருத்துவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஆனால் ஒருத்தியைப் பார்த்து, "நீ தின்னதாலதான் திரும்பிச்சு" என்று சொல்லும் உரிமையை இந்த எண்கள் யாருக்கும் தரவில்லை.

அப்படியானால் உணவைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். அதற்கு நம்மிடம் 'பத்தியம்' என்ற பழைய சொல் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு உண்டு. அதை ஆக்கிப் போடுவது அவள் அம்மாவோ மாமியாரோ. பால்குடிக் குழந்தைக்கு நோய் என்றால் பத்தியம் இருப்பது தாய். இரண்டிலும் சுமை திடமாக இருப்பவர்மேல்தான் விழுகிறது. புற்றுநோய் வந்தவளிடம் மட்டும் அந்த முறையைத் தலைகீழாக்கிவிட்டோம். வீட்டுக்கு ஒரு சட்டி, தனக்கு ஒரு சட்டி என்று அவளே அடுப்படியில் நிற்கிறாள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கலாம். சில கீமோ மருந்துகளால் விரல் மரத்துப்போகும். அந்தக் கையால்தான் கீரை ஆய வேண்டும். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் ஒருமுறை சொன்னார்: "சமைச்சுக் குடுக்க ஆளில்ல தம்பி. சொல்லிக் குடுக்க ஊரே இருக்கு."

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஆறு குறள்கள் அளவறிந்து உண்பதைப் பேசுகின்றன. அதை மட்டும் படித்தால் வள்ளுவரும் ஊரோடு சேர்ந்து அறிவுரை சொல்வதுபோல் தோன்றும். ஆனால் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து கவனிப்பவர். அந்த நான்காமவர் உபரியல்ல, மருத்துவத்தில் கால் பங்கு.

ஆகவே அறிவுரைக்கு ஒரு விலை உண்டு என்றே நினைக்கிறேன். கீரை சாப்பிடச் சொல்பவர் கீரையை ஆய்ந்து கொடுக்கட்டும். சீனியை நிறுத்தச் சொல்பவர் தன் வீட்டுத் தேநீரிலும் குறைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் அவள் ஒருநாள் பாயசம் கேட்டால், அது அவள் வாய், அவள் விருப்பம். கூட இருப்பவரின் வேலை காவல் காப்பதல்ல.