சுமைகாரர்களின் யுத்தம்

1914ஆம் ஆண்டு மூண்ட உலக மகாயுத்தத்தின் சரித்திரத்தை எழுதியோர், பிரான்சு தேசத்துப் பதுங்குகுழிகளின் கோரத்தை மறைக்காமல் வர்ணித்திருந்தும், அதே காலத்தில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய டான்சானியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும், நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த போரைச் சொல்லப் புகும்போது மட்டும் பெரும்பாலும் வீரசாகசக் கதை சொல்பவர்களாக மாறிவிடுகிறார்கள். ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக், பதினையாயிரத்துக்கு அதிகமாகாத படையைக் கொண்டு பன்மடங்கு பெரிய சேனைகளுக்குப் போக்குக் காட்டி, ஐரோப்பாவில் போர் ஓய்ந்து இரு வாரம் கழிந்த பின்னரே, 1918 நவம்பர் 25ஆம் தேதி ஆபர்கார்ன் என்னும் ஊரில் ஆயுதத்தைக் கீழே வைத்தார். பகைவரும் அவரைக் கனவான் என்று கொண்டாடினர். அந்தப் புகழ் தர்மத்துக்கு அடுக்குமா?

அக்காட்டு வழிகளில் செட்ஸி ஈ கடித்துக் குதிரையும் மாடும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மழைக்காலத்தில் மோட்டார் வண்டிகள் சேற்றில் புதைந்தன. ஆகவே மாவு மூட்டை, தோட்டாப் பெட்டி, அதிகாரியின் கட்டில் யாவும் மனிதர் தலைமேல் ஏறின. ஓர் ஆளின் சுமை ஐம்பது அறுபது ராத்தல். அவனுக்கு நாளொன்றுக்கு இரண்டு ராத்தல் மாவு படியளந்தால், முப்பது நாளில் தான் சுமந்த மூட்டையைத் தானே தின்று தீர்த்திருப்பான். பதினைந்து நாள் நடைக்கு அப்பால் இருக்கும் சிப்பாய்க்கு, அவன் திரும்பிவரும் சாப்பாட்டையும் கழித்தால், ஒரு பிடியும் மிஞ்சாது. இந்தக் கணக்கைச் சரிக்கட்ட இரண்டே உபாயங்கள் உண்டு: மேன்மேலும் ஆள் பிடிப்பது, சுமப்பவனின் படியைக் குறைப்பது. இரண்டும் கையாளப்பட்டன. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் சுமை தூக்கினர். 1917இல் கிராமங்களில் பலவந்தமாகவே ஆள் பிடித்தார்கள். சரியாக அரையாமலும் வேகாமலும் உண்ட மக்காச்சோள மாவு வயிற்றுக்கடுப்பாய் முடிந்தது. குளிர்ந்த மேட்டுநிலத்தில் வளர்ந்தவர்களைத் தாழ்நிலத்து மலேரியா வாரிக்கொண்டது. மாண்டோர் 95,000 பேருக்குக் குறையார் என்பது மதிப்பீடு. அவர்களில் குண்டடி பட்டவர் சொற்பமே.

நம்மவர்க்கும் இப்போரில் ஒரு தொடர்பு உண்டு. 1914 நவம்பரில் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையில் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்து, கரையேறிய கையோடு சண்டையில் தள்ளப்பட்ட அச்சிப்பாய்கள் சிதறி ஓடினர் என்று நூல்கள் இகழ்கின்றன. (ஓய்வு தராமல் ஏவிய தளபதி எயிட்கனை இகழ்ந்த பிறகல்லவா அவர்கள் முறை வரவேண்டும்!) ஆயினும் அவர்களுக்கு இகழ்ச்சியாவது கிடைத்தது, சுமைகாரனைப் பல நூல்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

லெட்டோ-ஃபோர்பெக்கின் நோக்கம் நாட்டைக் காப்பதன்று. எதிரியின் துருப்புகளை ஐரோப்பாவுக்குப் போகவிடாமல் ஆப்பிரிக்காவிலேயே கட்டிப்போடுவது. அப்படியானால் போர் எவ்வளவு காலம் நீள்கிறதோ அவ்வளவுக்கு அவருக்கு வெற்றி. அந்த நீட்சிக்கு விலை கொடுத்தவர்களோ, ஐரோப்பியச் சச்சரவில் பங்கோ பாத்தியதையோ இல்லாத ஜனங்கள். இரு சேனைகளும் தானியத்தையும் மாட்டையும் பறித்துச் சென்ற டோடோமா வட்டாரத்தில் 1917 முதல் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. அவரைத் துரத்திய பிரிட்டிஷாரும் அதே வழியைத்தான் பின்பற்றினர் என்பது குற்றத்தை இருவருக்கும் பங்கிடுமேயன்றிக் குறைக்காது. அந்தக் காலத்து மனோபாவம் அப்படி என்று சமாதானம் சொல்வதும் செல்லாது. பிரிட்டிஷ் சுமைகாரர் படைக்குத் தலைவராயிருந்த வாட்கின்ஸ் என்ற அதிகாரி, அதே காலத்து மனிதர்தாம், அவர்களுடைய நலனுக்காக மேலதிகாரிகளோடு வாதாடினார். தளபதியின் சாமர்த்தியத்தை யாரும் மறுக்க வேண்டியதில்லை. கனவான் என்ற பட்டத்தைத்தான் மறுக்க வேண்டும்.

1928இல் நைரோபியில் எழுப்பிய ஞாபகச் சின்னத்தில் ஒரு சுமைகாரனின் வெண்கல உருவமும் நிற்கிறது. இறந்த சுமைகாரர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. வெள்ளைச் சிப்பாய்க்குத் தனிக் கல்லறை அமைத்த போர்க் கல்லறை ஆணையம், இவர்களைப் பெயர் சொல்லி நினையாததற்கு 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. மாண்டவர்களுக்குச் சேரவேண்டி அரசாங்கத்திடம் தங்கிவிட்ட கூலிப்பணமோ அவர்களுடைய குடும்பங்களுக்குப் போய்ச் சேரவேயில்லை.