சமமாகச் சுழலாத சக்கரங்கள்

எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே நீதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கண்டிப்பு, எல்லா மாணவருக்கும் ஒரே விதி, எல்லாப் பணியாளருக்கும் ஒரே தண்டனை. இவ்வாறு செய்துவிட்டால் நம்மீது எவரும் குறை சொல்ல முடியாது என்ற நிம்மதியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் குறை சொல்ல முடியாத நிலையும் நீதியும் ஒன்றுதானா? இக்கேள்வியோடு ஒரு வண்டியின் அச்சைச் சற்றே கூர்ந்து நோக்குவோம்.

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்குச் செல்லும் சாலை ஜவ்வாது மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. அங்கே ஒரு லாரி அரைவட்டமாகத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.8 மீட்டர் இருந்தால், வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட ஏறத்தாழ 5.65 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு குறுகியதாயினும் அகன்றதாயினும் இந்த வேறுபாடு மாறாது. இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் டயர் தேயும், அச்சு முறுகும், வண்டி திரும்ப மறுக்கும். இதற்குத் தீர்வாக அமைந்ததே டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி. பிரான்சு நாட்டவரான ஒனெசிஃபோர் பெக்கூர் 1827-இல் நீராவி வண்டிக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று வானொலி அலையால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு லாரிகளுக்குள்ளும் உள்ளங்கையில் அடங்கும் அளவில் இது இருக்கிறது. நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியானால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, நடுவே ஒன்று என மூன்றுகூட இருக்கும்.

இந்தப் பொறியில் நம் சிந்தனைக்குரியது இதுதான்: இரு சக்கரங்களுக்கும் அது பகிர்ந்தளிக்கும் விசை சமம், சுழலும் வேகம் மட்டுமே வேறு. வெளிச்சக்கரம் விரைவாகச் சுழல்வது அதற்குக் காட்டப்படும் சலுகை அன்று. அதன் பாதை நீளம். உட்சக்கரம் பொறாமைப்பட அங்கே ஏதும் இல்லை. மதிப்பில் சமம், நடையில் வேறு. அப்போதுதான் இரண்டும் சேர்ந்து வளைவைக் கடக்கின்றன.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும், மலைச்சரிவில் நெடுந்தொலைவு நடந்து வரும் பிள்ளைக்கும் மணி ஒன்றே அடிக்கிறது. தேர்வுத்தாள் ஒன்றே வருகிறது. இருவரையும் ஒரே தண்டில் பிணைத்துவிட்டு, பின்தங்கியவன் சோம்பேறி என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பழங்குடியினர்க்கு உரியது 1 விழுக்காடு. அதையும் பாரபட்சம் என்று முணுமுணுப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஓட வேண்டிய பாதையின் நீளத்தை முணுமுணுப்போர் அளந்ததுண்டா?

எனினும் இப்பொறிக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைத்துவிட்டு உவமை பேசுவது நேர்மையாகாது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலோ, பள்ளத்தின்மேல் அந்தரத்தில் தொங்கினாலோ, அது பயனின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். விசை சமமாகப் பகிரப்படுவதால், பிடிமானம் அற்ற சக்கரம் ஏற்கும் அற்ப விசைதான் உறுதியான தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். இயந்திரம் முழங்கும், வண்டி நகராது. தன் மனம்போன போக்கில் சுழலும் ஒருவருக்கு எல்லையில்லாமல் இடங்கொடுத்து, உழைக்கும் மற்றவர் வலுவிழந்து நிற்கும் குடும்பங்களை நாம் கண்டதில்லையா? வேறுபாட்டை மதிப்பது வேறு. கட்டற்ற நிலையை வளர்ப்பது வேறு.

சிறு லாரியைச் செப்பனிடுவோர் இதற்கு ஒரு வழி செய்கிறார்கள். டிஃபரன்ஷியலுக்குள் கெட்டியான சிலிக்கோன் எண்ணெயை நிரப்புகிறார்கள். கெட்டித்தன்மையைக் குறிக்கும் சென்டிஸ்டோக் என்ற அளவில் தண்ணீர் ஏறக்குறைய 1. இந்த எண்ணெய்களோ 1,000, 5,000, 10,000 என்று போகின்றன. எண்ணெய் நீர்த்திருந்தால் தொங்கும் சக்கரம் வீணே சுழலும். மிகவும் கெட்டியானால் வண்டி வளைவில் முரண்டு பிடிக்கும். ஆகவே அவர்கள் சக்கரங்களை இறுகப் பிணைப்பதுமில்லை, முற்றிலும் அவிழ்த்துவிடுவதுமில்லை. ஓடும் தரைக்கேற்ப எண்ணெயைத் தேர்கிறார்கள். அன்போடு கூடிய கண்டிப்பு என்று நம் பெரியோர் சொன்னது இதைத்தானே!

அடுத்து, அதிர்வைத் தாங்கும் அமைப்பு. பேருந்தில் வில்தகடுகள் இருப்பது பயணியின் சுகத்துக்காக என்று நினைக்கிறோம். அப்படியானால் ஆளே அமராத சிறு லாரிக்குச் சுருள்வில் எதற்கு? சக்கரங்கள் தரையைவிட்டு அகலாமல் இருப்பதற்காக. வில் விறைப்பாக இருந்தால் ஒரு கல்லில் ஏறியதும் வண்டியே துள்ளும். சக்கரம் தரையை இழக்கும். தரையை இழந்த சக்கரத்தால் உந்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. வில் மட்டும் இருந்தாலும் போதாது. ஒரு முறை அமுங்கியது பலமுறை குதிக்கும். அருகிலுள்ள எண்ணெய்க் குழல் அந்தத் துள்ளலை வாங்கி வெப்பமாக்கித் தணிக்கிறது. பொறுமையும் இத்தகையதே. பொறுமையாளர் தமது சுகத்துக்காக வளைந்து கொடுப்பதில்லை. எதிரே நிற்பவரோடு உள்ள தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே வளைந்து கொடுக்கிறார். பட்ட அடியை அப்படியே திருப்பி எறியாமல் தமக்குள் வாங்கித் தணிக்கிறார்.

அப்படியானால் எங்கும் வளைந்து கொடுப்பதுதான் அறமா? இதற்கும் காவலூர் ஒரு விடை வைத்திருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பூமி சுழல, அதற்கு ஈடாக எதிர்த்திசையில் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் அத்தொலைநோக்கி திரும்ப வேண்டும். அங்கே துள்ளலுக்கோ வளைந்து கொடுத்தலுக்கோ இடமில்லை. சிறிது பிசகினாலும் விண்மீன் பார்வையிலிருந்து நழுவிவிடும். ஒரே மலையில் இரண்டு ஒழுங்குகள்! விண்மீனை நோக்குவது அசையக் கூடாது. மண்ணில் ஓடுவது இசைந்து கொடுக்க வேண்டும். உண்மை, வாக்குறுதி, எளியோரின் மாண்பு ஆகியவற்றில் நாம் தொலைநோக்கியாக இருக்க வேண்டியவர்கள். மனிதரை நடத்துவதிலோ சக்கரமாக இருக்க வேண்டியவர்கள். நம் துன்பங்களில் பல, இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பதால் வருகின்றன. கொள்கையில் வழுக்குகிறோம், பிள்ளையிடம் விறைக்கிறோம்.

இறுதியாக ஒன்று. சிறு லாரியை இயக்குபவர் கையில் கருவியோடு தொலைவில் நிற்கிறார். வண்டி படும் குலுக்கல் எதுவும் அவர் உடலில் படுவதில்லை. ஆகவே நல்ல செப்பனிடுவோர் வண்டியருகே சென்று குனிகிறார். டயரின் தேய்மானத்தையும் மண்ணில் பதிந்த தடத்தையும் பார்க்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறார். பெற்றோர், ஆசிரியர், நிர்வாகி என ஏதோ ஒரு வகையில் பிறர் வாழ்வை இயக்கும் கருவி நம் கையிலும் இருக்கிறது. விதியை மாற்றுமுன், அல்லது மாற்ற மறுக்குமுன், தடத்தைப் பார்க்க நாம் குனிந்தோமா?