எந்தக் கூட்டமுங்க?

கொங்கு நாட்டுக் கவுண்டர் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால், ஜாதகக் கட்டு அவிழ்வதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். “நீங்க எந்தக் கூட்டமுங்க?” காடை, ஆந்தை, தூரன், ஓதாளன், பண்ணை, செங்கண்ணன், பொருளந்தை என்று பதில் ஏதோ ஒன்றாக இருக்கும். இரு தரப்பும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. பையன் அன்னூர்ப் பக்கம், பெண் காங்கேயத்துப் பக்கம் என்றாலும், இரண்டு குடும்பமும் அதுவரை முகம் பார்த்ததே இல்லை என்றாலும், அவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை.

இத்தனை அதிகாரம் உள்ள இந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்காது, ஆதாரில் இருக்காது. தமிழர் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து நிற்கும். அதற்குப் பின்னால் எதுவும் வராது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த தலைமுறைகளில் பெயரின் வால் உதிர்ந்தது. கூட்டப் பெயரோ எழுத்தில் ஏறாமலே வாய்வழியாகப் பிழைத்துக் கிடக்கிறது. அதை வெளியே எடுத்துப் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள் சிலரே. பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் அவர்களில் ஒருவர். அந்தத் ‘தூரன்’ அவருடைய கூட்டத்தின் பெயர்.

கேள்வி இதுதான். ஒரு கூட்டத்தார் எல்லாரும் ஓர் ஆதிப் பாட்டனின் ரத்தம் என்பது நம்பிக்கை. குலம் என்பது உண்மையில் ரத்தம்தானா?

பெயர்களையே முதலில் விசாரித்தால் அவை ஒரே திசையைக் காட்டுவதில்லை. காடை கூட்டத்தார் காடையைப் பிடிப்பதில்லை, தின்பதில்லை என்பார்கள். பறவையைக் குலச் சின்னமாக வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தின் மிச்சம் இது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆந்தையும் அப்படித்தான் என்று முடிவு கட்டினால் தொல்காப்பியம் குறுக்கே வருகிறது. ஆதன் என்ற பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ‘ஆந்தை’ ஆகும், பூதனோடு சேர்ந்தால் ‘பூந்தை’ ஆகும் என்று அதன் எழுத்ததிகாரம் விதி சொல்கிறது. சாத்தந்தைக் கூட்டத்தில் சாத்தனின் தந்தை ஒளிந்திருப்பதைப் போல, ஆந்தைக் கூட்டத்தில் இருப்பது பறவையாக இல்லாமல் ஆதனின் தந்தையாக இருக்கலாம். ஆதன் கொங்குக்கு அந்நியன் அல்ல. நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் அந்தப் பெயர் கீறப்பட்டிருக்கிறது. கரூரை அடுத்த புகளூர்க் குகைக் கல்வெட்டு, சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்த சேரர் குடியை ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’யிலிருந்து தொடங்கி மூன்று தலைமுறைக்குச் சொல்கிறது. அந்துவன் கூட்டத்தார் சங்ககாலச் சேரன் அந்துவனைக் காட்டுவார்கள். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் வம்சம் ஒன்றாகிவிடாது. ஆதனும் சாத்தனும் அந்தக் காலத்தில் ஊருக்குப் பத்துப் பேர் வைத்துக்கொண்ட பெயர்கள்.

பெயரைவிட உறுதியாக இருப்பது கோயில். ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணியூர் உண்டு. அங்கே காணித் தெய்வம் உண்டு. அதன் முன்னால் திருநீறு வாங்கும் உரிமையில் வரிசை உண்டு. 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1972இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதினார். எந்தக் கிராமத்தில் எந்தக் கூட்டத்துக்கு நில உரிமை, கோயிலில் முதல் மரியாதை என்பதோடு கூட்டப் பெயர் பின்னிக் கிடந்தது. பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போனவர்களையும் காணிக் கோயிலின் வரிப்பணம் தேடிப் பிடித்துவிடும். கும்பாபிஷேகம் என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு வரும். வரி கொடுத்தவன் பங்காளி.

இது கவுண்டர்களுக்கு மட்டும் உரியதல்ல. அன்னூர், சிறுமுகைப் பக்கம் தறி நெய்யும் தேவாங்கர் வீட்டில் இதே விசாரணை ‘வங்குசம்’ என்ற பெயரில் நடக்கும்; தெலுங்கு பேசும் வீட்டில் ‘இன்டி பேரு’ கேட்பார்கள்; பிராமணர் வீட்டில் கோத்திரம். மொழி வேறு, சாதி வேறு, விதி ஒன்றே: தகப்பன் வழியில் ஒரே பெயர் என்றால் சம்பந்தம் இல்லை.

தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் பொருள் ஒன்று உடம்பிலும் உண்டு. அதுதான் ஒய் குரோமோசோம். மனித மரபணுத் தொகுதியின் சுமார் 310 கோடி எழுத்துகளில் அதன் பங்கு ஏறத்தாழ 6 கோடி. 2023இல்தான் அதை முழுவதும் படித்து முடித்தார்கள். கூட்டப் பெயர் போகும் தடத்திலேயே இதுவும் போவதால், பெயர் சொல்லும் கதையை இதை வைத்துச் சரிபார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் குடும்பப் பெயரையே சோதனைக்கு எடுத்தார். இங்கிலாந்தில் ‘சைக்ஸ்’ என்று பெயர் கொண்ட 48 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2000இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட 44 விழுக்காட்டினரிடம் ஒரே வகை இருந்தது. அந்தப் பெயருக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே மூலவர் இருந்திருக்கலாம் என்பதற்கு இது சான்று. மீதிப் பாதிக்கு மேற்பட்டோர்? தத்துப் பிள்ளைகள், தாய்வழிப் பெயர் ஏற்றவர்கள், பெயரை எப்படியோ சூட்டிக்கொண்டவர்கள், வெளியே சொல்லாத பிறப்புகள். அவர்களும் சைக்ஸ்களே.

தமிழ்நாட்டிலும் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் படித்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு சாதிக்கு ஒரு தந்தை என்ற கணக்கு எங்கும் வரவில்லை. ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் பல தந்தைவழிகள் கலந்து கிடந்தன. சமூகங்களுக்கு இடையிலான வேறுபாடோ வருண ஏற்பாட்டுக்கு முந்தையது, வேளாண்மை பரவியதோடு தொடர்புடையது என்றது அந்த ஆய்வு.

ஒய் குரோமோசோம் ஒருவருடைய முன்னோரில் எத்தனை பேரைக் காட்டும்? பத்துத் தலைமுறைக்கு மேலே ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. கூட்டப் பெயரைத் தந்தவர் அவர்களில் ஒருவர். மற்ற 1,023 இடங்களில் இருந்தவர்களின் ரத்தமும் அதே உடம்பில்தான் ஓடுகிறது. அவர்கள் கூட்டத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இங்கேதான் ரத்தக் கணக்கு தலைகீழாகிறது. சித்தப்பா மகளும் மாமன் மகளும் மரபணுவில் ஒரே தூரம். இருவரோடும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. ஆனால் சித்தப்பா மகள் தங்கை, மாமன் மகள் உரிமைப் பெண். கொங்குக் கல்யாணத்தில் மணமகனும் அவனுடைய உடன்பிறந்தாளும் சேர்ந்து செய்யும் இணைச்சீர், நாளை அவர்கள் பிள்ளைகளுக்குள் சம்பந்தம் ஆகலாம் என்பதற்கான உறுதி. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளி வீட்டுப் பெண்ணோடு மரபணுவில் கண்டறியக்கூடிய பொது எதுவும் இல்லாமல் போவதே இயல்பு. அவளைக் கட்டக் கூடாது. அறிவியல் பெரியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதனால்தான் கூட்டம் பார்த்தார்கள் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நோய் தடுக்கவும் கூட்டம் மட்டும் போதாது. கூட்டத்துக்கு வெளியே, சாதிக்கு உள்ளே என்ற வட்டத்திலேயே நூற்றாண்டுகளாகச் சம்பந்தம் செய்தால், அரிய குறைபாடுகள் அந்த வட்டத்துக்குள் பெருகும். ஐதராபாத் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்டோர் 2017இல் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில் இந்த மரபணு வட்டத்தின் குறுகல், அதற்குப் பேர்போன பின்லாந்து மக்களைக் காட்டிலும் கடுமையாக இருந்தது.

ரத்தம் இல்லையென்றால் குலத்தைக் கட்டி வைத்திருப்பது எது? பதில் புதிதல்ல. சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் என்ற சிறுவன் கல்வி கேட்டுக் கௌதமரிடம் போகிறான். குரு கோத்திரம் கேட்கிறார். தகப்பன் யாரென்று அம்மாவுக்கே தெரியாது. அம்மா பெயர் ஜபாலை, நான் சத்தியகாம ஜாபாலன் என்கிறான். உண்மை சொன்னதையே தகுதியாக எடுத்துக்கொண்டு குரு அவனைச் சேர்த்துக்கொள்கிறார். மகாபாரதம் இன்னும் துணிந்து போகிறது. பாண்டுவின் பெயரைச் சுமக்கும் ஐவரில் ஒருவர்கூடப் பாண்டுவுக்குப் பிறக்கவில்லை. பாண்டுவே விசித்திரவீரியனுக்குப் பிறந்தவர் அல்ல, வியாசருக்குப் பிறந்தவர். ஆனாலும் அவர்கள் சந்திர வம்சத்தார் என்பதில் காவியத்துக்குச் சந்தேகமே இல்லை. நீர்க்கடன் செய்தவன் பிள்ளை.

காவியத்தில் ஏற்றுக்கொண்டதை நம் ஊரில் சொன்னால் வலிக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. திருச்செங்கோட்டுத் திருவிழாவில் பிள்ளையில்லாப் பெண் ‘சாமி கொடுக்கும் பிள்ளை’க்குப் போவதுதான் அதன் மையம். 2014 கடைசியில் எழுந்த எதிர்ப்பில், எழுதுவதையே விடுவதாக அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. கோபத்தின் அடியில் இருந்தது இந்தக் கேள்விதான்: அந்தப் பிள்ளை எந்தக் குலம்?

அன்னூரின் தலபுராணம் இதற்குத் தன் வழியில் பதில் வைத்திருக்கிறது. அன்னி என்ற வேடன் கிழங்கு அகழ்கிறான். கருவி பட்ட இடத்தில் ரத்தம் பீறிடுகிறது. அடியில் இருப்பது லிங்கம். நடுங்கியவனை இறைவன் மன்னிக்கிறார், அதனால் மன்னீசுவரர். வேடன் பெயரால் ஊர் அன்னியூராகிப் பின் அன்னூரானது என்கிறார்கள். வரலாறோ இல்லையோ, மன்னீசுவரர் சன்னதியில் நிற்கிற யாரும் அந்த வேடனின் கோத்திரத்தை விசாரிப்பதில்லை. வேடரான கண்ணப்பரை நாயனாராக வைத்த சைவத்துக்கு அது தேவையும் இல்லை.

நடப்பும் இதையே காட்டுகிறது. கல்யாணமான பெண் கணவன் வீட்டுக் குலதெய்வத்தைக் கும்பிடத் தொடங்குகிறாள். அவள் ரத்தம் மாறவில்லை, கடமை மாறுகிறது. ஆண்பிள்ளை வேண்டும் என்ற வெறியில் பெண்சிசுக்களைக் கொன்றதால் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்தது. பெண் கிடைக்காமல், பின்னாளில் கொங்கு மாப்பிள்ளைகள் கேரளத்துக்குப் போய்ப் பெண் கட்டி வந்தார்கள். அந்தத் தாய்களுக்குக் கூட்டம் கிடையாது. பிள்ளைகள் காணிக் கோயிலில் முடியெடுத்துக் காது குத்திக்கொண்டு பங்காளி ஆகிவிட்டார்கள். ரத்தச் சுத்தம் பேசிய சமூகம் இதை ஏற்றுக்கொண்டது.

ஆக, கூட்டம் என்பது ஒரு தெய்வத்தின் முன் ஏற்றுக்கொண்ட உறவுமுறை. பிறப்பு அதற்கு ஒரு வாசல். திருமணமும் தத்தும் வேறு வாசல்கள். அப்படிப் பார்த்தால் அதில் பழுதில்லை, அழகுகூட உண்டு. அதை ரத்தம் என்று சொல்லி, வேற்றுச் சாதியில் காதலித்தவர்களை விரட்டவும் வெட்டவும் காரணமாக்கும்போதுதான் அது பொய்யாகிறது.

வாசல் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. 1989இலேயே தமிழ்நாட்டுச் சட்டம் மகளையும் சொத்தில் பங்காளி ஆக்கிவிட்டது. 2005இல் இந்தியா முழுவதும் அது சட்டமானது. காணிக் கோயிலின் தலைக்கட்டுப் பட்டியல் மட்டும் மகன்களோடு நிற்கிறது. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வரி எழுத உட்காருகிற பெரியவர்கள், குல வரலாறு தொகுக்கிற புலவர்கள், மகள்களின் பெயரையும் மருமகள்களின் பிறந்த வீட்டையும் அதே தாளில் எழுதட்டும்.