வாசலில் கட்டிய துணி

முதியோர் இல்லம் என்றாலே நம்மவர்கள் முகம் சுழிப்பார்கள். பெற்றோரைப் பிள்ளைகளே வைத்துப் பார்ப்பதுதான் மார்க்கம் என்போம். உண்மைதான். ஆனால் நான் படிப்பிக்கும் தீவுப்பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போக, படகேறிக் குறிகட்டுவானுக்கு வரவேண்டும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தனித்துப்போனவருக்குக் கைதடி முதியோர் இல்லம் போன்ற ஓரிடம் தேவைப்படத்தான் செய்கிறது. ஆகவே இல்லம் வேண்டுமா என்பதல்ல, அது எப்படி அமையவேண்டும் என்பதே என் கேள்வி.

அதற்கும் இன்று கணினி வந்துவிட்டது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக எத்தனை இடம் கடக்கவேண்டும் என்று எண்ணினால், ஒரு கட்டடம் யாரைச் சேர்க்கிறது, யாரை ஒதுக்குகிறது என்பது தெரியும் என்று பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் 1984இல் நூலாக எழுதினார்கள். இப்போது கணினி நூற்றுக்கணக்கான வரைபடங்களைத் தானே போட்டு, தாதியின் நடைதூரம், யன்னல் வெளிச்சம், கட்டிலிலிருந்து மலசலகூட வாசல் தெரிகிறதா என்பவற்றையெல்லாம் அளந்து தரம் பிரிக்கிறது. மறதி நோயாளர் வழி கண்டுபிடிக்க நேரான நடைபாதையே இலகு என்று 2009இல் ஜெர்மனிய ஆய்வொன்றும் சொன்னது.

இதைப் படித்தபோது உம்மம்மாதான் நினைவுக்கு வந்தார். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990 ஒக்டோபரில் நாங்களும் சோனகத்தெருவை விட்டுப் புத்தளம் வந்தோம். முகாமில் ஒரே மாதிரியான கிடுகுக் குடிசைகள், வரிசை வரிசையாக. ஓரடி நிலமும் வீணாகவில்லை. ஆனால் வுழூச் செய்யப் போன உம்மம்மா திரும்பும் வழி தெரியாமல் நிற்பார். பிறர் குடிசைக்குள் நுழைந்து ஏச்சும் வாங்கினார். கடைசியில் உம்மா பழைய பச்சைச் சேலையொன்றைக் கிழித்து எங்கள் வாசலில் கட்டினார். அதன்பின் உம்மம்மா வழி தவறவில்லை.

குடிசை போட்டவர்களுக்குக் குடும்பங்களின் எண்ணிக்கை தெரியும். அந்த மூதாட்டியின் தடுமாற்றம் தெரியாது. கணினியும் அப்படித்தான். அளக்கச் சொன்னதையே அளக்கும். தாதியின் நடையைக் குறை என்றால் குறைக்கும். போகும் வழியில் அவர் நின்று பேசும் இரண்டு வார்த்தையும் அதோடு போய்விடும். அமலுக்கு முன் நிய்யத் என்பது நமக்குப் புதிதல்ல. கணினிக்கு நிய்யத் இல்லை. அதை ஏவுபவருக்கு உண்டு, பொறுப்பும் அவருக்கே.

அதற்காகக் கணினியை வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழவி வழி கண்டுபிடிப்பாளா என்று கேட்டிருந்தால், அந்த வரிசையின் குறையை அது கடதாசியிலேயே காட்டியிருக்கும். கேட்க ஆளில்லை என்பதுதான் விஷயம். எனவே வரைபடத்துக்கு முன் முதியவர் பக்கத்தில் போய் உட்காரவேண்டும். கிப்லா எந்தப் பக்கம், பாங்கு கேட்குமா, வருகிறவரைப் பார்த்திருக்கத் திண்ணை வேண்டுமா என்று கேட்கவேண்டும். இவற்றையும் கணினிக்குச் சொல்லலாம். சொல்லாமல் விட்டால், மிகச் சரியாகக் கணக்கிட்ட இன்னொரு முகாமைத்தான் கட்டுவோம்.