தீர்த்தலும் தணித்தலும்

நோயைத் தீர்க்காத ஒன்று நோயாளியின் வேதனையை மட்டும் தணிக்குமாயின், அதனையும் வைத்தியத்தின் ஒரு கூறாகக் கொள்ளலாமா? கருவுற்ற பெண்ணைப் பீடிக்கும் கடும் வாந்திநோயை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பயனுடையது.

மசக்கை கருவுற்ற பெண்களிற் பெரும்பாலோர்க்கு இயல்பாக வருவது. சில கிழமைகளில் தணிவது. ஆனால் நூற்றுக்கு மூவருக்கு மேற்படாத சிலருக்கு அது கொடிய நோயாகின்றது. அருந்திய நீரும் வயிற்றில் தங்காது, உடல் மெலியும், வைத்தியசாலையிற் சேலைன் ஏற்றவேண்டி வரும். கருவிலுள்ள குழந்தைக்கு என்னாகுமோ என்ற அச்சமும் உடன் சேரும். இந்நிலையிலேயே கைகளையும் தோள்களையும் பாதங்களையும் மெல்லென உருவிவிடுதல் ஒரு துணைச் சிகிச்சையாகப் பேசப்படுகின்றது.

இதமான உருவுதல் மனப்பதற்றத்தைத் தணிக்கக்கூடும். ஆயின், பதற்றம் தணிய நோயாளி ஆறுதலடைகின்றாள், ஆகவே பதற்றமே நோயின் காரணம் என்று முடிவுகொள்வது தருக்கப் பிழையாகும். 20ஆம் நூற்றாண்டின் உளப்பகுப்பாய்வாளர் சிலர், இவ்வாந்தி கருவை ஏற்க மறுக்கும் ஆழ்மனத்தின் வெளிப்பாடு என்றனர். அதனால் நோயுற்றவளே குற்றவாளியாக்கப்பட்டாள். 2023இல், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தாருடன் இலங்கை ஆய்வாளரும் பங்குகொண்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவிலிருந்து தாயின் குருதியிற் கலக்கும் ஜீ.டி.எவ். 15 என்னும் ஓமோன் இந்நோயின் முக்கிய காரணம் என அது காட்டிற்று. கருவுறுமுன் அவ்வோமோன் குறைவாக இருந்தவர்களையே அதன் பெருக்கம் கடுமையாகத் தாக்குகின்றது. ஆகவே நோயாளியின் அச்சத்தை நோயின் மூலமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அவ்வாறாயின் உருவுதலுக்கு இடமில்லையா? உண்டு. அச்சம் நோயின் விளைவாயினும் அதுவும் துன்பமே, துன்பம் தணிக்கத்தக்கதே. ஆனால் தணிக்க முற்படுவோர்க்கு இரு கடப்பாடுகள் உள்ளன.

முதலாவது, மருந்தின் இடத்தை உருவுதலுக்குக் கொடாதிருத்தல். மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட தலிடோமைட் என்னும் மருந்து 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கக் குறைவுடன் பிறந்தபின் 1961இல் மீளப் பெறப்பட்டது. அதனை அறிந்தோர் மருந்துக்கு அஞ்சுவது இயல்பு. எனினும் அவ்வச்சத்தைப் பற்றிக்கொண்டு, 'உருவினாற் போதும்' என்பது கேடு விளைக்கும். நீடித்த வாந்தியால் ஏற்படும் பி1 விற்றமின் குறைபாடு மூளையையே தாக்கலாம். படுக்கையிற் கிடப்பவளின் கால் ஒன்று வீங்கி நொந்தால், அது குருதி உறைந்ததன் அறிகுறியாகலாம். அக்காலை உருவுதல் ஆபத்தாகும்.

இரண்டாவது, அவளது இசைவைப் பெறுதல். இந்நோயில் மணங்களைத் தாங்குதல் அரிது. நல்லெண்ணெயின் வாசனையே வாந்தியைத் தூண்டலாம். தாயோ மாமியோ அன்போடு எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தி வந்தாலும், அவள் 'வேண்டாம்' என்றால் நிறுத்திவிட வேண்டும். எது ஆறுதல் என்பதை ஆறுதல் பெறுபவளே சொல்லவேண்டும்.

தீர்த்தலும் தணித்தலும் வெவ்வேறு கடமைகள். தணித்தோம் என்பதனால் தீர்க்கும் பொறுப்பு நீங்காது. வைத்தியர் தீர்க்க முயல்கின்றார் என்பதனால் அருகிலிருப்போர் தணிக்கும் பொறுப்பினின்று விடுபடவும் முடியாது.