அப்புறம் பேசுறேன் அத்தை

என் மடிக்கணினியில் ‘நாவல் 1’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. போன மாதம் வரைக்கும் அதில் 11 வரிகள். முதல் வரியை மட்டும் எத்தனை தடவை மாற்றினேன் என்று கணக்கில்லை. கரிசல் காட்டில் விடியாத நேரம், தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வருகிறது, உள்ளே சிறுமிகள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். இப்படித்தான் தொடங்கும். நண்பர்கள் விசாரித்தால் “போயிட்டிருக்கு” என்பேன். எங்கேயும் போகவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால் என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆபீஸ் முடிந்து வந்து உட்கார்ந்தால் தண்ணி லாரிக்காரன் போன் செய்வான். மேல்வீட்டில் சுவரைத் துளைப்பார்கள். மனைவி சிலிண்டர் பதிந்தாயா என்பாள். சரியாக ஆறரை மணிக்குச் சாத்தூரிலிருந்து அத்தை கூப்பிடுவாள். “என்ன மருமகனே, காப்பி குடிச்சியா?” அவ்வளவுதான் விஷயம். “எழுதிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன் அத்தை” என்று வைத்துவிடுவேன். அந்த அப்புறம் பெரும்பாலும் வந்ததில்லை.

ஒரு வாரம் இந்தத் தொந்தரவுகளை எல்லாம் நோட்டில் குறித்துவைத்தேன், யார் என் நேரத்தைத் தின்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாமே என. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அத்தை எடுத்துக்கொண்டது மொத்தம் 14 நிமிடம். மனைவியின் கேள்விகள், தண்ணி லாரி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள். செல்போனில் நான் கழித்தது மட்டும் 23 மணி நேரம். அதில் ஒரு மாலை முழுக்க, பெரிய எழுத்தாளர்கள் கவனம் சிதறாமல் எழுதுவது எப்படி என்று வீடியோ பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் அவமானமாக இருந்தது. நான் குறை சொன்னதெல்லாம் என்னைக் கூப்பிட்ட மனிதர்களை. என் நேரத்தைத் தின்றதோ நானே கூப்பிட்டு மடியில் உட்காரவைத்த செல்போன்.

இதை வெறும் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். அப்படி விட மனம் வரவில்லை. எழுதும் நேரம் என்று நாம் சொல்கிறோமே, அது யாருடைய நேரம் என்ற கேள்வி உள்ளே கிடக்கிறது.

ஆண்டனி டிரோலப் இங்கிலாந்தில் தபால் துறை அதிகாரி. தினமும் காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதினார். மொத்தம் 47 நாவல். ஒழுக்கத்துக்கு உதாரணமாக எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவருடைய சுயசரிதையில் இன்னொரு தகவலும் உண்டு. அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து தர ஒரு வயதான வேலையாள் இருந்தார். அதற்காக வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். ஒருநாள்கூடக் காப்பி தாமதமானதில்லை, என் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று டிரோலப்பே ஒப்புக்கொள்கிறார். டிரோலப் ஐந்தரைக்கு உட்கார வேண்டுமென்றால் அந்தக் கிழவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? அவரை யார் எழுப்பினார்கள்?

டால்ஸ்டாய் ‘போரும் அமைதியும்’ எழுதினார். அடித்தும் திருத்தியும் அவர் வைத்த கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் மனைவி சோஃபியா. அவர் பெற்ற பிள்ளைகள் 13 பேர். எழுத்தாளனின் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் வேறு யாருடைய உழைப்போ தெரிகிறது.

இந்த இடத்தில் ஒரு சுலபமான ஆறுதல் உண்டு. ‘வாழ்க்கையே நாவல்தான், தொந்தரவு என்று நினைப்பதெல்லாம் கச்சாப்பொருள்’ என்பார்கள். எனக்கு அதில் முழு சம்மதமில்லை. கவிஞர் சல்மா வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டாருக்குத் தெரியாமல், ராத்திரியில், கழிவறையில் நின்றுகொண்டு எழுதியவர். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. அவரிடம் போய், வீட்டு வேலையெல்லாம் உங்களுக்குக் கச்சாப்பொருள் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? பூட்டிய கதவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டவருக்கும், தானே கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தவனுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. நான் இரண்டாவது வகை. எனக்கு ஒரு அறை இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது.

அந்த அறை எனக்கு எப்படிக் கிடைத்தது? இதைத்தான் நான் யோசிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை 9 வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். கட்டை அடுக்குகிற வேலை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல்தான் வந்தது. அதற்குப் பத்து வருடம் முந்தைய கதை இது. அவளைவிட இரண்டு வயது மூத்தவரான என் அப்பா அப்போது ஆறாம் வகுப்பு. வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்றானபோது யார் படிப்பது என்று யாரும் கூடிப் பேசவில்லை. அப்பா படித்தார், அரசாங்க வேலைக்குப் போனார், என்னைப் படிக்கவைத்தார். நான் சென்னையில் அறையைச் சாத்திக்கொண்டு, அதற்கெல்லாம் முதல் காசு போட்டவளிடம் “அப்புறம் பேசுறேன்” என்கிறேன். எதற்காக? அவளைப் பற்றி நாவல் எழுதுவதற்காக.

நான் போனுக்குள் ஓடி ஒளிந்தது சும்மா இல்லை என்று இப்போது தோன்றுகிறது. எழுதாத வரைக்கும் நாவல் பெரிதாக இருக்கும், எழுதினால் என் அளவுக்குச் சுருங்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உள்ளதுதான். என் பயம் அதோடு முடியவில்லை. எழுத ஆரம்பித்தால் கடன்பட்டவன் யார் என்று எழுதியாக வேண்டும். அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். என்னைப் பற்றியும்.

அதற்காக எழுதாமல் இருந்தால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. எழுதினாலும் தீராது. இழந்த பள்ளிக்கூடத்தை ஒரு நாவல் திருப்பித் தராது. ஆனால் எழுதாமல் இருப்பது அவளுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டால், அது என் சௌகரியத்துக்கு நானே வைத்துக்கொண்ட பெயர்.

போன மாதம் ஒருநாள் ஆறரைக்கு போனை எடுத்து, வைக்காமல் பேசினேன். கடைசியில் தயங்கித் தயங்கி நாவலைப் பற்றிச் சொன்னேன். முதல் வரியை வாசித்தும் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“தூங்கலையேப்பா” என்றாள்.

“என்னத்தை?”

“பஸ்ஸுல யாரு தூங்குனா? கூட்டத்துல நிக்கவே எடம் கெடையாது. பாட்டுப் பாடிக்கிட்டே போவோம். முன்சீட்டுக்காரி சினிமாக் கதை சொல்லுவா. அந்த ஒரு மணி நேரந்தான் எங்களுக்கு வெளாட்டு.”

இரண்டரை வருடம் நான் செதுக்கிய வரி அது. அவளிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பரிதாபப்படுவதற்குத் தோதாக அந்தப் பிள்ளைகளை நானே தூங்கவைத்திருக்கிறேன்.

வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். “எழுது, வேணாங்கல. உங்கப்பன் மனசு நோகுற மாதிரி மட்டும் எழுதிராத. அவனும் சின்னப் பையந்தானே அப்ப.”

11 வரிகளையும் அழித்துவிட்டேன். இப்போது காலை ஐந்திலிருந்து ஆறு வரை எழுதுகிறேன். அந்த நேரம் போன் சமையலறையில் அரிசி டப்பா மேல் கிடக்கும். காப்பியை நானே போட்டுக்கொள்கிறேன், மனைவிக்கும் சேர்த்து. ஆறரை மணி போன் அத்தையுடையது. இதுவரை 40 பக்கம் வந்திருக்கிறது, நன்றாக இருக்கிறதா என்று தெரியாது.

பஸ் கிளம்பிவிட்டது, பிள்ளைகள் பாடுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். அவர் மனம் நோகாமலும் பொய் சொல்லாமலும் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று நாளாக அங்கேதான் நிற்கிறேன். ஆனால் இதற்குக் கவனச்சிதறல் என்று பெயர் வைக்க மாட்டேன்.