மிச்ச மாத்திரை

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. கோடை கழிந்து முதல் மழை விழுந்தால் அங்கிருந்து மண்வாசனை குப்பென்று எழும். அந்த வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்க் கூட்டமே. அந்தக் கூட்டத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்துதான் 1943-ல் அமெரிக்காவில், வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். க்ஷயரோகத்தை எதிர்த்து நின்ற முதல் மருந்து அது.

அப்படி ஒரு மழை நாளில் அடுத்த வீட்டு அக்கா வந்தார். பையனுக்குக் காய்ச்சல், தொண்டைவலி.

"தம்பி, போன மாசம் நீங்க சாப்பிட்ட மாத்திரை மிச்சம் இருக்கா?"

இருந்தது. அஸித்ரோமைசின், இரண்டு. ஐந்து நாள் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்றாம் நாள் உடம்பு தேறியதும் நானே டாக்டராகி நிறுத்திவிட்டேன். அதுவும் மண் தந்த மருந்துதான். 1949-ல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் எடுத்த மண்ணிலிருந்து எரித்ரோமைசின் கிடைத்தது. அதைச் சற்று மாற்றிச் செய்தது இது.

நான் காய்ச்சலில் கிடந்தபோது வேளை தவறாமல் கஞ்சி கொண்டு வந்தவர் அந்த அக்கா. அவருக்கு இல்லை என்று சொல்வது எப்படி? என் காசு, என் மாத்திரை, கொடுத்தால் தர்மம்தானே?

இங்கேதான் இடறுகிறது. அரிசியைத் தானம் செய்தால் குறைவது என் பானை. இந்த மருந்தைத் தப்பாகச் செலவழித்தாலோ, அதற்குச் சாகாத கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. இந்த எச்சரிக்கை மருந்தோடு கூடவே பிறந்தது. 1948-ல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சியிலேயே, ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் பெற்ற பல நோயாளிகளின் உடம்பில் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றியதைக் கண்டார்கள். நஷ்டம் எனக்கு வராமலே போகலாம். லால்குடியிலோ மணப்பாறையிலோ நான் முகம் பாராத ஒரு குழந்தைக்கு வரலாம். ஊர்ப் பொதுக்கிணற்றை எனதென்று சொல்லித் தானம் செய்ய முடியுமா?

"இல்லக்கா, கொடுக்கக் கூடாது" என்றேன். அவர் முகம் வாடியது.

"ரெண்டு மாத்திரைக்கா தம்பி கணக்குப் பாக்கறீங்க?"

அப்போதுதான் என் நியாயத்தின் ஓட்டை தெரிந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அவருக்கு அன்றைய கூலி போய்விடும். முகம் தெரியாத குழந்தையைக் காப்பாற்ற நான் செலவழித்தது அக்காவின் கூலியை! மறுப்பது தர்மமாக வேண்டுமானால், அந்தச் செலவை மறுத்தவனல்லவா ஏற்க வேண்டும்?

குடையை எடுத்துக்கொண்டு பையனை நானே அழைத்துப் போனேன். சோதித்துப் பார்த்த டாக்டர், தானாக இறங்குகிற காய்ச்சல்தான் என்று சொல்லி, உப்புநீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

அந்த இரண்டு மாத்திரைகளும் இன்னும் என் மேஜைமேல் இருக்கின்றன. பின்மனை மண்ணில் எறியவும் கை வரவில்லை. அங்கேயும் கிருமிகள் உண்டு. அக்காவுக்கு உபதேசம் செய்யத் தெரிந்த எனக்கு, ஐந்து நாள் பொறுமையாக விழுங்கத் தெரியவில்லையே!